மாமா கையில் எரியாத டார்ச்

எரியாத டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் விடியற்காலை இருட்டில் நடந்துபோன ஒரு மனிதர், அந்தப் பதினோரு நாளும் மனதுக்குள் என்ன நினைத்திருப்பார்?

இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அவரிடமே கேட்கலாம்தான். கேட்டால், "என்னத்தெ நெனைக்கறதுங்க அம்மணி, நடந்தனுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவர் என் மாமனார். நான் மாமா என்று கூப்பிடுகிறேன்.

போன மார்கழியில் ஒரு நாள். மணி ஐந்து இருக்கும். என் மகள் நிவிக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. சளி பிடித்து இருமிக்கொண்டிருந்தாள். படுக்க வைத்தால் இருமல் கூடுகிறது என்று போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். பனியில் குழந்தையை வெளியே கொண்டுவரலாமா என்று உடனே சந்தேகம் வந்தது. உள்ளே போனேன். மறுபடி இருமினாள். மறுபடி வெளியே வந்தேன்.

எங்கள் வீடு சூலூருக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி அடர்ந்த வண்டிப் பாதைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். விடியுமுன் மோட்டார் போட மாமா அந்த வழியாகத்தான் போவார். பின்வாசலில் நின்றால், அவர் டார்ச் வெளிச்சம் வேலி இடுக்குகளில் விட்டு விட்டுத் தெரியும்.

குழந்தைக்கு வேடிக்கை காட்ட நினைத்து, "அப்பாரு லைட்டு எங்க போகுதுன்னு பாரு சாமி" என்றேன். அப்பாவின் அப்பாவை இங்கே குழந்தைகள் அப்பாரு என்றுதான் கூப்பிடும்.

நிவி பார்த்தாள். "லைட்டு இல்ல" என்றாள்.

நானும் பார்த்தேன். வேலி கறுப்பாக இருந்தது. வானம் அதைவிடக் கொஞ்சம் குறைந்த கறுப்பு. சரக், சரக் என்று டயர் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு செருமல். மாமா அங்கேதான், இட்டேரியில் பாதி தூரத்தில், வெளிச்சமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

சற்று முன் என்னைத் தாண்டிப் போனபோது அவர் கையில் டார்ச் இருந்தது. என் கண்ணில் படும்படி கொஞ்சம் தூக்கியே பிடித்திருந்தார்.

அந்த டார்ச்சுக்கு விளக்கு மாற்றிக் கொடுத்தவள் நான்.

ஒரு பூச்சியும் முக்கால் மணி நேரமும்

விளக்கை ஏன் மாற்றினேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் மாமா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்து உட்கார்ந்து காபி குடித்தார். பாதி டம்ளர் முடிந்த பிறகு, மாட்டுக்கு வைத்த சோளத்தட்டு நனைந்துவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இட்டேரில பூச்சி ஒண்ணு குறுக்கால கெடந்துச்சுங்க. பாத்தேன், பாத்ததீமு பல்பு போயிருச்சு."

பூச்சி என்றால் பாம்பு. இருட்டு நேரத்தில் நடமாடும் பாம்பை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அன்றைக்குக் கிடந்தது கட்டுவிரியன் என்பதை அத்தை, அதாவது என் மாமியார், குறுக்கு விசாரணை செய்துதான் வாங்கினார்.

"பொறவு என்னங்க பண்ணுனீங்க?" என்றார் அத்தை.

"நின்னுட்டேன்."

"எத்தன நேரம்?"

"வெளுக்கற வரைக்கும். முக்கா மணி நேரம் இருக்குமாட்ட."

"ஏனுங்க, ஒரு சத்தம் போட்டா நாங்க அரிக்கேன எடுத்துட்டு ஓடியாற மாட்டமா?"

"புள்ளை தூங்கீட்டு இருக்குமல்லொ. எந்திரிச்சுக்கும்."

முக்கால் மணி நேரம். காலடியில் விஷம், கண்ணுக்கு எதுவும் தெரியாது, அசையாமல் நின்றிருக்கிறார். பேத்தி விழித்துவிடுவாளே என்று குரல் கொடுக்கவில்லை. அன்று முழுவதும் நிவி முற்றத்தில் இறங்கினாலே ஓடினேன். கயிறு, குழாய், பெல்ட் எதைப் பார்த்தாலும் தூக்கிவாரிப்போட்டது.

டார்ச் பல்புக்குள் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு இழை. தட்டினால் அறும், குலுங்கினால் அறும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒரு நாள் அறும். அந்த இழையை நம்பித்தான் ஒரு மனிதர் தினமும் இட்டேரியில் கால் வைக்கிறார் என்பது அதற்கு முன்னால் என் மூளையில் உறைத்ததே இல்லை. இத்தனைக்கும் நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள்.

புடவைக்குள் சுற்றி வைத்தது

அந்தப் படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தேன். மதிப்பெண்கள் நன்றாகவே வந்தன. முடித்த கையோடு கல்யாணம். வேலைக்குப் போகவேண்டும் என்று நானும் கேட்கவில்லை, போ என்று யாரும் சொல்லவும் இல்லை. அது சரியா தப்பா என்று யோசிக்க ஆரம்பித்தால் இந்த வாரத்துப் பக்கம் போதாது.

கல்யாணமாகி வரும்போது, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற என் சோல்டரிங் அயர்னை ஒரு பழைய பருத்திப் புடவைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டார். "மாப்பிள்ளை ஊட்டுல பெட்டியத் தொறந்தா என்னன்னு நெனைப்பாங்க?" என்று வெளியே எடுத்து வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் திரும்ப உள்ளே வைத்தேன். என் வாழ்க்கையில் பெரியவர்கள் பேச்சை நான் மீறிய சம்பவங்களை விரல் விட்டு எண்ணினால், முதல் விரல் இதுதான்.

பாலிடெக்னிக்கில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள் நூர்ஜகான். எனக்கு நூரு. அவள் அத்தா பழைய ஊர்ப் பகுதியில் ஒரு குறுகலான தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகும் நூரு மதியம் இரண்டு மணி நேரம் அந்தக் கடையில் உட்காருகிறாள். நிவிக்கு ஊசி போடக் கோவை போகும்போதெல்லாம் அங்கே ஏறி இறங்காமல் வரமாட்டேன்.

பூச்சி சம்பவத்துக்கு இரண்டு வாரம் கழித்து அப்படித்தான் போனேன்.

"வாடி கலா. டாக்டரப் பாக்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்."

"புள்ளை கும்முனு இருக்குது. நீதான் வத்திப்போயிட்டே. இப்ப என்ன கவலை? சொல்லு, கடையச் சாத்தற வரைக்கும் நேரமிருக்குது."

சொன்னேன். கேட்டுக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிலிம் ரோல் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். உளுந்தைவிடச் சற்றுப் பெரிதாக, கண்ணாடித் துளி மாதிரி நான்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிக் கால்கள். எல்.ஈ.டி. விளக்குகள்.

எல்.ஈ.டி. எனக்குப் புதிதில்லை. லேபில் சிவப்பும் பச்சையும் நிறையப் பார்த்திருக்கிறோம். மின்சாரம் வருகிறதா இல்லையா என்று கண் சிமிட்டிச் சொல்லும், அத்தோடு சரி. ஆனால் நூரு அதில் ஒன்றின் கால்களைத் தொட்டு மின்சாரம் கொடுத்ததும் வந்தது வெள்ளை வெளிச்சம். வெள்ளையில் எல்.ஈ.டி. நான் அதுவரை கண்டதில்லை.

"டியூப் லைட்டு போட்ட குட்டி மாதிரி இருக்குதல்ல?" என்றாள். "எங்க மச்சான் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தாரு. இதுல இழையே கெடையாது. போட்டு ஒடைச்சாத்தான் உண்டு."

அறுந்துபோக இழையே இல்லாத விளக்கு. எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

"ஒண்ணு குடு" என்றேன்.

"நாலையும் எடுத்துட்டுப் போ. எப்படியும் ஒண்ணைக் கருக்குவே."

மஞ்சள், ஊதா, கறுப்பு

அவள் சொன்னது பலித்தது. முதல் விளக்கை ஆர்வக் கோளாறில் ரேடியோவின் ஒன்பது வோல்ட் பேட்டரியில் நேரடியாக வைத்துப் பார்த்தேன். ஒரு கணம் கண்ணைப் பறித்தது. அப்புறம் ஒரு நாற்றம் வந்தது. இரண்டாவதன் கால், சரியாக மடங்கியிருக்கிறதா என்று நான் மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கிப் பார்த்ததில் வேரோடு ஒடிந்தது. என் குணம் அந்தக் காலில் வந்து விடிந்தது என்று இவர் கேலி செய்தார். இவர் என்றால் என் கணவர். பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை.

மூன்றாவதை அவசரப்படாமல் செய்தேன். மாமாவின் டார்ச் மூன்று செல் போடுகிற நீளமான டார்ச். பழைய பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் மெதுவாகத் தட்டி, கண்ணாடியை எடுத்துவிட்டு, டார்ச்சில் திருகிப் பொருத்துகிற பித்தளை மரையை மட்டும் வைத்துக்கொண்டேன். எல்.ஈ.டி.யின் நீளமான காலோடு, கரண்டைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்தேன். மஞ்சள், ஊதா, கறுப்பு என்று அதன் மேல் இருந்த கோடுகளை மூன்று தடவை சரிபார்த்தேன். நீளமான கால் மரையின் அடி முனைக்கு, குட்டைக் கால் பக்கவாட்டுக்கு. பற்ற வைத்துவிட்டு, உள்ளே ஆடாமல் இருக்க மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன்.

"யாரு இந்நேரத்துக்குச் சாம்பிராணி போட்டது?" என்று அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். சோல்டரிங் வாசனை அவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

செல்களைப் போட்டு அழுத்தினேன். வந்தது. சமையலறை மூலையில் இருந்த கடுகு டப்பாவின் துரு கூடத் தெரிந்தது. நிவி கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு "சுடுல" என்றாள். சூடு இல்லாததால்தான் மெழுகும் உருகாமல் நின்றது.

மறுநாள் விடியலில், நானே செல் போட்டு மாமா கையில் கொடுத்தேன். பின்வாசலில் நின்று பார்த்தேன். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் ஒன்று இட்டேரியில் ஆடி ஆடிப் போனது. படித்த படிப்பு முதல்முறையாக யாரோ ஒருவர் காலடியில் விழுந்து கிடக்கிறது என்று தோன்றியது. அன்றைக்கு இட்லி கூட நன்றாக வந்தது.

"எப்படிங்க மாமா இருக்குது?" என்று அவர் வந்ததும் கேட்டேன்.

"பட்டப்பகலாட்ட இருக்குதுங்க அம்மணி."

மறுநாளும் கேட்டேன். "பட்டப்பகலாட்ட இருக்குதுங்க." அதற்கடுத்த நாளும் அதே பதில்தான்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அந்த வெளிச்சம் தூரமெல்லாம் போகாது. காலடியில் நாலு எட்டு தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். பட்டப்பகல் என்பது எந்தக் கணக்கிலும் பொய். பாராட்டு கேட்கிற சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. விடியலில் நிவி என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள், அதனால் பின்வாசலுக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை. இருமல் வந்த அன்றுதான் போனேன்.

அத்தைக்குத் தெரிந்திருந்தது

அத்தை கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். நான் நிவியைத் தோளில் போட்டபடி ஓடினேன்.

"அத்தை, மாமா லைட்டுப் போடாமப் போறாங்க!"

"அது எங்க எரியுது?" என்றார் நிமிராமல். "மொத நாளு எரிஞ்சதோட சரி."

"எத்தன நாளாங்க?"

"அமாவாசைக்கு மக்காநாள்ல இருந்து. ஆச்சு, பதினோரு நாளு."

"எனக்கு ஏனுங்க ஒருத்தரும் சொல்லலை?"

"உன்ற மாமாதான் சொல்லப்படாதுன்னுபோட்டாங்க. 'புள்ளை ரெண்டு நாளா உக்காந்து செஞ்சுச்சு, எரியலைன்னா மொகம் சுண்டிப்போயிரும்'னாங்க."

"அதுக்காக இருட்டுல நடப்பாங்களா? பூச்சி கெடந்த எடமுங்க அது!"

"நாஞ்சொன்னா கேக்கற ஆளா? வேற பல்பு வாங்கிப் போடுங்கன்னேன். 'அம்மணி பாத்துரும்'னாங்க. கட்டிக்கிட்டு முப்பத்தஞ்சு வருசமாச்சு கண்ணு. கொழம்புல உப்பில்லைன்னு ஒரு நாளு சொன்னதில்லை. நானாத் தின்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும்."

அங்கேயே நின்று வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுக்க நாற்பது நிமிஷம் ஆனது. நிவி அந்த நாற்பது நிமிஷத்தில் இருமலை மறந்து தூங்கிவிட்டாள். மோட்டார் சத்தம் கேட்டது. பிறகு தென்னை மட்டைகள் தெரிந்தன. பிறகு மாமாவின் வெள்ளைத் துண்டு தெரிந்தது. 

மாமா வந்து, வழக்கம்போல டார்ச்சின் பின்மூடியைக் கழற்றிச் செல்களை வெளியே எடுத்து வெயில் விழும் சுவர் மேல் வரிசையாக வைத்தார். செல்லை எங்கள் பக்கம் பேட்டரிக் கட்டை என்பார்கள். வெயிலில் காய வைத்தால் கட்டைக்குத் திரும்ப உயிர் வரும் என்று மாமாவுக்கு நம்பிக்கை. வடகம் மாதிரி தினமும் காய வைத்து, சாயங்காலம் எடுத்துவைத்து, விடியலில் போட்டுக்கொண்டு போவார்.

நான் டார்ச்சை எடுத்தேன். மூன்று கட்டைகளைப் போட்டேன். அழுத்தினேன். பளிச்சென்று எரிந்தது.

மாமா டார்ச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிடிபட்டவர் மாதிரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உனக்கு எரியுது பாரு!" என்றார் அத்தை. "அப்ப இவுங்க கையிலதான் ஏதோ கோளாறு."

"அம்மணி கைராசிங்க அது" என்றார் மாமா.

மொட்டு கீழே

கைராசியை நான் நம்பவில்லை. ஆனால் என் பற்றவைப்பையும் நம்பவில்லை. உள்ளே ஈயம் சரியாகப் பிடிக்காமல் தொட்டும் தொடாமலும் இருந்தால் இப்படித்தான் ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் எரியாது. மெழுகைச் சுரண்டி, எல்லாவற்றையும் மறுபடி பற்றவைத்து, உலுக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து வைத்தேன். எரிந்தது.

மறுநாள் விடியலில் நான் முன்னாடியே எழுந்து, சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டேன். வாசல் விளக்கடியில் மாமா டார்ச்சின் பின்மூடியைத் திறந்தார். முதல் கட்டையை எடுத்தார். மேலே மொட்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்கிற பக்கத்தை, பின்மூடி இருக்கும் திசைக்குத் திருப்பிப் போட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொன்றும் அதே ஒழுங்கில், தலைகீழாக.

பழைய பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூன்று கட்டைகளும் ஒரே திசையில் இருந்தால் போதும், எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் இழை எரியும். எல்.ஈ.டி. அப்படியில்லை. அது ஒருவழிப் பாதை. நீளமான காலில்தான் மின்சாரம் நுழைய வேண்டும். திருப்பிப் போட்டால் செத்த விளக்குத்தான்.

முதல் செமஸ்டரில் படித்தது. பரீட்சையில் படம் வரைந்து விளக்கியது. மாமாவிடம் கொடுக்கும்போது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் எல்லோரும் மொட்டு பல்பைப் பார்த்திருக்கும்படிதான் போடுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். "மாமா" என்றேன்.

"ஏனுங்க அம்மணி?"

வாசலில் அத்தை கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான் இப்போது வாயைத் திறந்தால், இவ்வளவு காலமும் இவருக்குக் கட்டை போடவே தெரியாது என்று அத்தை ஊருக்கே சொல்லிச் சிரிப்பார். கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் நிறுத்த மாட்டார். மாமா கையில் டார்ச் இருந்தது. அதைப் பிடித்திருந்த விதத்தில் ஒரு கூச்சம் இருந்தது. என் விளக்கு தன்னை ஏற்றுக்கொள்ளவில்லை என்ற கூச்சம்.

அதோடு, யார் மேல் தப்பு? இத்தனை வருஷமாக எந்தப் பல்பும் அவரைத் தப்பு சொல்லவில்லை. என் பல்புதான் சொல்கிறது.

"காபி கலக்கட்டுங்களா?" என்றேன்.

அன்று அவர் கிளம்புமுன், கையிலிருந்த டார்ச்சை வாங்கிச் சும்மா துடைக்கிறமாதிரி கட்டைகளைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். எரிந்தது. தினமும் துடைக்க முடியுமா?

இவரிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எங்கய்யன் கட்டையத் தலைகீழாத்தான் போடுவாரு, எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும். எரிஞ்சுச்சு. யாரு கேட்டா?"

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"நானா? அவரு முன்னால ஒக்காந்தே பேசமாட்டேன். நீ அந்த பல்பத் திருப்பி வெச்சிரு. மனுசனத் திருப்பறதுக்குப் பல்பத் திருப்பறது லேசு."

அப்படியே செய்தேன். மெழுகைச் சுரண்டி, நீளக் காலைப் பக்கவாட்டுக்கும் குட்டைக் காலை அடி முனைக்கும் மாற்றிப் பற்றவைத்தேன். அன்றிலிருந்து மாமா கட்டை போட்டால் எரிகிறது.

ஏழு மாதம் சந்தோஷம்

இந்த ஏழு மாதமும் நிம்மதியாகத்தான் போனது. வெளிச்சம் இட்டேரியில் ஆடி ஆடிப் போவதை நானும் நிவியும் பல நாள் பார்த்தோம். இருமல் இல்லாத நாட்களிலும் பார்த்தோம். சித்திரையில் ஒரு தடவை பூச்சி குறுக்கே போனது. மாமா வெளிச்சத்தை அதன்மேல் வைத்துக்கொண்டே நின்று, அது போன பிறகு நடந்தாராம். காபி குடிக்கும்போது சொன்னார். இந்தத் தடவை டம்ளரைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. இவர் இருட்டில் தடவி, பழக்க தோஷத்தில் மொட்டு பல்பைப் பார்க்கக் கட்டை போட்டார். எரியவில்லை. மாமா வாங்கி, கொட்டி, தன் முறைப்படி போட்டார். எரிந்தது.

"பாத்தீங்களா, இது என்ற கைக்குத்தானுங்க எரியும்" என்றார் மாமா. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஆமா, இந்த ஊட்டுல அது ஒண்ணுதான் நீங்க சொன்ன பேச்சு கேக்குது" என்றார் அத்தை.

இவர் இருட்டில் என் காலை மிதித்தார். சிரிப்பை அடக்க எனக்குப் பெரும் பாடானது.

சிரிப்பு அடங்கிய பிறகு எப்போதும்போல யோசனை வந்தது. மாமா வெளியூர் போயிருக்கும்போது நிவிக்கு ஏதாவது ஆகி, அவசரத்தில் யாராவது கட்டையை நேராகப் போட்டுவிட்டால்? அதற்கென்று அலமாரியில் பழைய பல்போடு இரண்டு செல் டார்ச் ஒன்று தனியாக வாங்கி வைத்தேன். அந்தக் கவலைக்கு ஒரு வழி கிடைத்தது.

இப்போது வந்திருப்பதற்குத்தான் வழி தெரியவில்லை.

கொடுமுடிக்கு ஒரு டார்ச்

கொடுமுடியில் மாமாவின் அக்கா இருக்கிறார். நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறேன். எழுபது வயதுக்கு மேல். வருஷம் முழுக்க விடியுமுன் காவிரிக்குப் போய்த் தலை முழுகுகிறவர். படித்துறையில் வெளிச்சம் போதாது, படிகளில் பாசி. போன வாரம் மாமா என்னிடம் வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒன்று கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்குளுக்குச் சிரமமில்லைன்னா, எங்கக்காளுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்க முடியுங்களா? ஆடிப் பதினெட்டுக்குப் போறப்ப கொண்டுபோய்க் குடுத்தர்லாம். கட்டை போட்டு எரியவெச்சு நானே கையில குடுக்கறேன்."

"செஞ்சர்லாங்க மாமா" என்றேன். வேறென்ன சொல்வது?

நூரு கொடுத்த நான்கில் மீதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எந்தப் பக்கமாகப் பற்றவைப்பது என்று ஒரு வாரமாக அயர்னைச் சூடு பண்ணுகிறேன், அணைக்கிறேன்.

எல்லோருக்கும் எரிகிற மாதிரி நேராக வைத்தால், ஆடிப் பதினெட்டன்று சொந்தபந்தம் எல்லாம் நிற்க, மாமா தன் முறைப்படி கட்டை போட்டு அக்காவிடம் நீட்டும்போது எரியாது. அவருடைய டார்ச் மாதிரி திருப்பி வைத்தால், அன்றைக்கு அழகாக எரியும். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு பெரியம்மாவின் பேரனோ மருமகளோ புதுக் கட்டை வாங்கி நேராகப் போடுவார்கள். எரியாது.

எரியவில்லை என்று பெரியம்மா ஒரு கடிதம் போடுவார் என்று நினைக்கிறீர்களா? அவர் மாமாவுக்கு அக்கா. தம்பி மருமகள் கைப்படச் செய்து கொடுத்தது என்று எரியாத டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டே படி இறங்குவார். யாராவது கேட்டால் பட்டப்பகல் மாதிரி இருக்கிறது என்பார். இந்தத் தடவை பின்வாசலில் நின்று பார்க்க நான் அங்கே இருக்க மாட்டேன்.

இரண்டு எல்.ஈ.டி.யை எதிரெதிராக வைத்தால் எப்படிப் போட்டாலும் ஒன்று எரியும் என்பது எனக்கும் தெரியும். இன்னொன்று கிடைக்க நூருவின் மச்சான் வரவேண்டும். டிசம்பருக்கு முன்னால் வரமாட்டாராம். கோவையில் நான் விசாரித்த கடைகளில் சிவப்பும் பச்சையும்தான் காட்டினார்கள்.

ஆக, ஆடிக்குள் மாமாவிடம் சொல்லியாக வேண்டும். கட்டையின் மொட்டு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. ஏழு மாதமாக அவர் கைராசி என்று நினைத்துப் பெருமைப்பட்டது, நான் அவருக்குத் தெரியாமல் திருப்பி வைத்த இரண்டு கம்பிக் கால் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்வேன். "செரிங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டால்? மனதில் என்ன பட்டது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வருகிறது. மாமா தினசரி மட்டும்தான் படிப்பார், அத்தைக்குத் தொடர்கதைதான் உயிர், இந்தப் பக்கத்தைப் புரட்டமாட்டார்கள் என்று நம்பி எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகு அந்த நம்பிக்கை ஆடுகிறது.

முன்பு இந்தப் பக்கத்தில் நிவியின் இருமலைச் சொன்னபோது எத்தனை பேர் கைவைத்தியம் எழுதியிருந்தீர்கள்! ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது இன்னொரு உதவி. உங்கள் வீட்டிலும் இப்படி வாய் திறந்து குறை சொல்லத் தெரியாத பெரியவர் ஒருவர் இருப்பார். அவரிடம், அவர் முகம் வாடாமல், அவர் தெரியாமல் செய்துவந்த ஒன்றை நீங்கள் எப்போதாவது சொல்லியிருப்பீர்கள். எப்படி ஆரம்பித்தீர்கள்? யாரும் இல்லாத நேரம் பார்த்தா, எல்லோரும் இருக்கும்போது விளையாட்டாகவா? உட்கார்ந்தா, நின்றா? "மாமா" என்று கூப்பிட்டு, அவர் "ஏனுங்க அம்மணி" என்று திரும்பிப் பார்த்த பிறகு, காபியைத் தவிர வேறு என்ன கேட்பது?

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. பக்கம் பக்கமாக வேண்டாம். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். அதற்கடுத்ததை எப்படியாவது நானே சொல்லிவிடுவேன்.